பொன்னாடைக்குப் பிறகு பாட்டு

எங்கள் ஊரில் வயசானவர்கள் பாடலாமா கூடாதா என்று முடிவு செய்வதற்கு ஒரு பேரவை இருக்கிறது. திண்டுக்கல் வட்டார மூத்தோர் கலை வளர்ச்சிப் பேரவை என்று பெயர். நாகல் நகரில் பாத்திரக்கடை ஒன்றின் மாடியில் நடக்கிறது. கீழே பாத்திரம் உருளும், மேலே கைதட்டுவார்கள். அந்த மாடியிலிருந்து கைதட்டலைத் தவிர வேறு இசை எதுவும் கேட்டதாக அக்கம்பக்கத்தில் யாரும் சொன்னதில்லை.

நாங்கள் பேண்ட் ஆரம்பித்தபோது இப்படி ஒரு பேரவை இருப்பதே எங்களுக்குத் தெரியாது. நாங்கள் வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள். நான், பொம்மையன், அந்தோணிராஜ். மூன்று பேருக்கும் பேரன் பேத்தி இருக்கிறது, முதுகுவலி இருக்கிறது. எங்களில் அந்தோணிராஜ் மட்டும் பாடுவான். மூட்டை முதுகில் ஏறியதும் பாட்டு தானாக வாயில் ஏறிவிடும். அவன் பாட்டுக்கு அடி எடுத்து வைத்தால் எடை கொஞ்சம் குறைகிற மாதிரி இருக்கும். அதனால் அவனை எப்போதும் வரிசையில் முதலாவதாக விடுவோம். பின்னால் போகிற எங்களுக்கு அவன் காலும் மூட்டையின் அடிப்பக்கமும் தெரியும். முகம் தெரியாது. பாட்டு மட்டும் சாக்குக்குள்ளிருந்து வருவது போல வரும்.

அவன் பாடுவது இங்கிலீஷ் பாட்டு. சின்ன வயசில் பங்குச் சாமியார் வீட்டில் தோட்ட வேலை பார்த்தபோது, வெளிநாட்டிலிருந்து வந்திருந்த சாமியார் ஒருவர் டேப்ரிக்கார்டரில் ராக் பாட்டுகள் போடுவாராம். தண்ணீர் ஊற்றிக்கொண்டே அத்தனையையும் மனப்பாடம் செய்துவிட்டான். அர்த்தம் தெரியாது. அதில் ஒரு பாட்டைத்தான் அதிகம் பாடுவான். வீட்டை விட்டுப் போன ஒருத்தன் திரும்பி வர வழி தெரியாமல் நிற்கிறான், அதுதான் பாட்டு என்று ஒருநாள் சகாயராஜ் சொன்னான்.

"அப்படியாலே? நான் கல்யாணப் பாட்டுன்னுல்ல நெனச்சேன். என் கல்யாணத்துக்கு அரிசி மூட்டை எறக்குறப்பக் கூட பாடுனேனே" என்றான் அந்தோணி.

சகாயராஜ் எலக்ட்ரீசியன். கோயில் பாடற்குழுவில் கிடார் வாசித்துக்கொண்டிருந்தவன். கோயிலுக்குப் புதிதாகக் கீபோர்டு வாங்கினார்கள். அதற்குள்ளேயே கிடார் சத்தமும் இருக்கிறது என்று சொல்லி இவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து ஒரு கையில் டெஸ்டரும் மறு கையில் வருத்தமுமாகத் திரிந்தான்.

போன தவக்காலத்தில் அந்தோணியின் தொண்டை கட்டிக்கொண்டது. வெங்காயத் தூசி என்று நினைத்தோம். மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தவன், சும்மாட்டை மடியில் வைத்துக்கொண்டு மண்டி வாசலில் உட்கார்ந்திருந்தான்.

"என்னப்பா சொன்னாக?" என்று கேட்டேன்.

"கட்டியாம். ஈஸ்டர் முடிஞ்சு ஆபரேசனாம். குரல்வளைய எடுத்துருவாகளாம்."

"எடுத்தா?"

"உசிரு இருக்கும். சத்தம் இருக்காது."

பொம்மையன் எழுந்து போய் டீ வாங்கிக்கொண்டு வந்தான். யாரும் குடிக்கவில்லை. அந்தோணி டீயைத் தரையில் வைத்துவிட்டுச் சொன்னான்.

"மாப்ள, ஒருக்கா மேடைல நின்னு பாடணும்."

"இங்கயே பாடேன். நாங்க கேக்குறோம்ல."

"இங்க பாடுனா குனிஞ்சுதான் பாடுவேன். ஒடம்பு பழகிப்போச்சு. நிமிந்து நின்னு, மைக்கு முன்னாடி பாடணும். இஞ்ஞாசி முன் வரிசைல ஒக்காந்து என் மூஞ்சியப் பாக்கணும். கல்யாணமாகி இம்புட்டு வருசத்துல அவ நான் பாடிக் கேட்டிருக்கா. பாடிப் பாத்ததில்ல."

அன்றைக்கே பேண்ட் ஆரம்பித்துவிட்டோம். சகாயராஜ் கிடார். கலைந்துபோன கச்சேரிக் குழு ஒன்றிடம் பழைய டிரம் வாங்கினோம், அது பொம்மையனுக்கு. எனக்கு பேஸ் கிடார். "ஒண்ணும் பயப்படாதீக. ஒரே எடத்துல நின்னு, அவசரப்படாம, ஒரே வேலையத் திரும்பத் திரும்பச் செய்யணும். அம்புட்டுத்தான்" என்றான் சகாயராஜ். பிறந்ததிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்பதால் ஒத்துக்கொண்டேன். மதியம் லாரிகள் போன பிறகு வெங்காயக் குடோனில் பழகினோம். அந்தோணியின் குரல் நாளுக்கு நாள் கரகரத்தது. "இந்தப் பாட்டுக்கு இந்தக் கரகரப்புத்தான் வேணும். இதுக்காக வெள்ளைக்காரன் சிகரெட்டா குடிச்சுத் தள்ளுவான்" என்று சகாயராஜ் சொன்னான். அந்தோணி சிரித்தான். சிரிப்பும் கரகரவென்றுதான் வந்தது.

பேண்டுக்கு 'மூட்டை' என்று பெயர் வைத்தோம்.

ஒரு மண்டபமும் மைக்கும் கேட்டு அலைந்தபோதுதான் பேரவை இருப்பது தெரிந்தது. போன இடத்திலெல்லாம், "பெரியவங்க நிகழ்ச்சியா? பேரவை கடிதம் இருக்கா?" என்றார்கள். நான்கு பேரும் மாடி ஏறினோம். செயலாளர் அறிவுச்செல்வி அம்மா நாற்காலியில் இருந்தார். எங்களுக்கு நாற்காலி இல்லை. நின்று பழகியவர்கள், நின்றோம்.

"நீங்க யாரு?"

"பாடுறவுகம்மா" என்றான் அந்தோணி.

"அத யார் முடிவு பண்ணது?"

அந்தோணி எங்களைப் பார்த்தான். நாங்கள் சுவரைப் பார்த்தோம். சுவர் முழுக்கத் தலைவர் பெருமாள்சாமி பொன்னாடை வாங்குகிற படமும் பொன்னாடை போடுகிற படமும்.

"வேணும்னா ரெண்டு வரி பாடிக் காட்டவாம்மா?"

"இங்கயா? இது கலை அலுவலகம். இங்க பாடக்கூடாது" என்றார் அம்மா. பிறகு எங்கள் மேல் இரக்கப்பட்டு விளக்கினார். "பேரவை அங்கீகாரம் இல்லாம யாரும் மேடை ஏற முடியாது. மேடை ஏறாதவங்களப் பேரவை அங்கீகரிக்க முடியாது. ரொம்பத் தெளிவான விதி."

பொம்மையனுக்கு எதையும் கேட்டுத் தெரிந்துகொள்கிற குணம். "அப்ப மொதமொத மேடை ஏறுனவுக எப்படிம்மா ஏறுனாக?"

"அவங்கதான் பேரவைய ஆரம்பிச்சவங்க."

அந்தோணி அவனுடைய ஆபரேசன் தேதியைச் சொன்னான். குரல் போய்விடும் என்பதையும் சொன்னான். அம்மாவின் முகம் மாறியது. மனுஷி நல்ல மனுஷிதான். கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவசரப் பிரிவில் தகுதித் தேர்வு வைக்கலாம் என்று சொன்னார். அதற்குத் தலைவர் வர வேண்டும். தலைவர் ஊரில்தான் இருந்தார். ஆனால் ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு மேடையில் இருந்தார்.

ஒருவழியாகத் தேர்வு நடந்தது. தலைவர் கூட்டுறவுத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். பெயருக்கு முன்னால் 'கலைக்காவலர்' என்று போட வேண்டும். அந்தப் பட்டத்தைப் பேரவை அவருக்குக் கொடுத்தது. பேரவையின் சார்பில் அவரே கொடுத்தார்.

"ராக் என்றால் என்ன?" என்று கேட்டார்.

அந்தோணி வாயைத் திறந்தான்.

"நானே சொல்கிறேன்" என்றார் தலைவர். "ராக் என்றால் கல். திண்டுக்கல்லில் கல் இருக்கிறது. ஊர் நடுவில் மலைக்கோட்டைப் பாறை நிற்கிறது. ஆகவே ராக் இசை எங்கே தோன்றியிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைக்காரன் நம்மிடமிருந்து பூட்டைக் கற்றுக்கொண்டு போனான், பாட்டையும் கற்றுக்கொண்டு போனான். இந்த உண்மை தெரியாமல் நீங்கள் இத்தனை காலம் பாடியிருக்கிறீர்கள். அதுதான் உங்கள் குறை. இன்றோடு அது நீங்கியது."

அறிவுச்செல்வி அம்மா கைதட்டினார். நாங்களும் தட்டினோம். பேசி முடித்ததில் தலைவருக்குக் களைப்பாகிவிட்டது. இன்னொரு மேடைக்கும் நேரமாகிவிட்டது. "தேர்ச்சி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அந்தோணி திறந்த வாயை மூடினான்.

அடுத்து மேடை ஒழுக்கப் பயிற்சி. பாட்டு எப்படிப் பாடுவது என்பது அதில் கிடையாது. பொன்னாடை எப்படி வாங்குவது என்பதுதான் முழுப் பாடமும். போடுகிறவர் கை தூக்கி எட்டிப் போடும்படி வாங்குகிறவர் நிற்கக் கூடாது. குனிய வேண்டும். கண் தரையைப் பார்க்க வேண்டும். "கலைஞன் எவ்வளவு பெரியவன் என்பது அவன் எவ்வளவு குனிகிறான் என்பதில் தெரியும்" என்றார் தலைவர்.

அந்த வகையில் அந்த மாடியில் எங்களைவிடப் பெரிய கலைஞர்கள் வந்ததில்லை. நாங்கள் குனிந்த குனிவைப் பார்த்துத் தலைவரே அசந்துபோனார். பொம்மையன் மட்டும் ஒரு தப்புச் செய்தான். முதுகில் பொன்னாடை விழுந்ததும், பழக்கத்தில் இரண்டு கையையும் பின்னால் கொடுத்துப் பிடித்துக்கொண்டு, அப்படியே சுவர் வரைக்கும் நடந்துபோய், இறக்கி வைத்துவிட்டு, அடுத்த நடைக்குத் திரும்பி வந்து நின்றான்.

"ஏலே, அது மூட்டை இல்லடா" என்றான் சகாயராஜ்.

"முதுகுல ஏத்துனா எறக்கணும்ல" என்றான் பொம்மையன்.

இப்படியாக நிகழ்ச்சிக்குத் தேதி கிடைத்தது. ஆபரேசனுக்கு இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இஞ்ஞாசியம்மாள் சின்னாளப்பட்டிக்குப் போய் ஒரு சுங்குடிச் சேலை எடுத்துக்கொண்டு வந்தாள். "முன் வரிசைல ஒக்காரச் சொல்றாருல்லண்ணே. பழசக் கட்டிட்டா ஒக்கார முடியும்?" என்று என்னிடம் கேட்டாள். அதைக் கேட்கும்போது சேலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் அழைப்பிதழில் தப்பு நேர்ந்தது. அழைப்பிதழை எங்களையே அடிக்கச் சொல்லியிருந்தார்கள். நான்கு பேரும் குடோனில் உட்கார்ந்து பேர்களை வரிசைப்படுத்தினோம். மண்டியில் ஒரு வழக்கம் உண்டு. மூட்டை தூக்கப் போகிறபோது கனம் சுமக்கிறவன் பேரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். மேஸ்திரி பேர் கடைசி. அவர் கடைசியில் நின்றால்தான் எல்லார் முதுகும் அவர் கண்ணில் படும். கடைசி இடம் மரியாதையான இடம். ஆகவே மேலே பெரிய எழுத்தில், பாட்டு: அந்தோணிராஜ். அதற்குக் கீழே சகாயராஜ், பொம்மையன், நான். எல்லாருக்கும் கடைசியில், மிகுந்த மரியாதையோடு, கலைக்காவலர் பெருமாள்சாமி.

அழைப்பிதழைப் பார்த்த தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாராம். அன்று மாலையே பேரவையின் அவசரக் கூட்டம் கூடியது. நிகழ்ச்சி தள்ளிவைக்கப்பட்டது.

பொம்மையனும் நானும் போய் மண்டி வழக்கத்தை எடுத்துச் சொன்னோம். "மேஸ்திரி கடைசில நின்னாத்தாங்கய்யா கௌரவம்."

"நான் மேஸ்திரியா?" என்றார் தலைவர்.

"இல்லங்கய்யா. மேஸ்திரின்னா வேலை தெரிஞ்சிருக்கணும்" என்றான் பொம்மையன். அவன் சமாதானமாகத்தான் சொன்னான்.

அதற்கு மேல் இன்னொரு கூட்டம் கூடியது. எங்கள் சார்பில் வருத்தம் தெரிவிக்கும் விழா ஒன்று நடத்த வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அந்த விழாவும் நடந்தது. நாங்கள் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினோம். தலைவர் எங்கள் வருத்தத்தை ஏற்றுக்கொண்டு எங்களுக்குப் பொன்னாடை போர்த்தினார். நாங்கள் வருந்துவதை வரவேற்று ஒருவர் பேசினார், வாழ்த்தி ஒருவர் பேசினார். அந்தோணி அன்று பேசவே இல்லை. பேசினால் வலித்தது. புது அழைப்பிதழில் பாட்டு ஏழாவது இடத்துக்குப் போயிற்று. எட்டாவது நன்றியுரை. நிகழ்ச்சி புதுத் தேதிக்குப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மறுநாள் திங்கட்கிழமை காலையில் அவன் மதுரையில் போய்ப் படுக்க வேண்டும்.

"ஆபரேசனத் தள்ளிப் போடுவமான்னு ஒரு வார்த்த பேசிறாதீக. உசிரோட வெளாட நான் விட மாட்டேன்" என்றாள் இஞ்ஞாசியம்மாள்.

"யாரும் தள்ளல தாயி. ஞாயித்துக்கெழம பாடிட்டு திங்கக்கெழம போவோம். ஒரு நாளு இருக்குல்ல" என்றான் அந்தோணி.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மண்டபத்தைச் சாயங்காலம் வரைக்கும்தான் விட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு காதணி விழா. நாங்கள் வெள்ளென போய்விட்டோம். மைக்செட்காரர் ஆரிபாவின் வீட்டுக்காரர், எங்கள் மண்டித் தெருக்காரர்தான். ஆரிபா பலகாரக்கடை வைத்திருக்கிறவள். அவளும் பாட்டுக் கேட்க வந்திருந்தாள். இஞ்ஞாசியம்மாள் சுங்குடிச் சேலையில் முன் வரிசையில் உட்கார்ந்தாள். அறிவுச்செல்வி அம்மா வந்து, அது மாண்புமிகுக்கள் உட்காரும் வரிசை என்று சொல்லி அவளைத் தூணுக்குப் பக்கம் மாற்றினார். பிறகு மனசு கேட்காமல், மாண்புமிகுக்கள் வரும்வரை அங்கேயே இருக்கட்டும் என்று திரும்பவும் உட்கார வைத்தார்.

"அண்ணே, மைக்க ஒருக்காப் பாத்துக்குங்க" என்றார் மைக்செட்காரர்.

அந்தோணி மேடை நடுவில் போய் நின்றான். நான் அவனுக்குப் பின்னால் நின்றேன், எப்போதும் போல. அவன் முதுகைச் செங்குத்தாக நிமிர்த்தினான். எலும்பு நெறிந்தது எனக்கே கேட்டது. அவன் இம்புட்டு உசரம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். இத்தனை வருசமும் என்னைவிடக் குட்டை என்றே நினைத்திருந்தேன்.

"ஹலோ. ஹலோ. ஒன், டூ, த்ரீ" என்றான். மண்டபம் முழுக்க அந்தக் கரகரப்பு போய்த் திரும்பி வந்தது. இஞ்ஞாசியம்மாள் கீழேயிருந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் பாட்டின் முதல் சொல்லுக்கு மூச்சு இழுத்தான்.

"ஐயா, ஐயா. விழா இன்னும் தொடங்கல. தலைவர் வர்றதுக்கு முன்னாடி பாடுனா விழா தொடங்கிட்ட மாதிரி ஆயிடும்" என்று அறிவுச்செல்வி அம்மா ஓடி வந்தார்.

இழுத்த மூச்சை அவன் விட்டுவிட்டான்.

தலைவர் வந்தார். குத்துவிளக்கு ஏற்றினார்கள். வரவேற்புரை. மேடையில் இருந்தவர்கள் ஒவ்வொருவர் பேரையும் அடைமொழியோடு சொல்லி 'அவர்களே அவர்களே' என்று முடிப்பதற்குள் விளக்குக்கு மறுபடி எண்ணெய் ஊற்ற வேண்டியிருந்தது. அடுத்துப் பேசியவரும் அத்தனை பேரையும் சொன்னார். அவருக்கு அடுத்தவர், முன்னவர் விட்டுப்போன இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டார். ஒவ்வொருவருக்கும் பொன்னாடை. பொன்னாடை போட்டவருக்கும் ஒரு பொன்னாடை. மேடையிலிருந்த பொன்னாடைகளை அடுக்கினால் ஒரு லோடு தேறும் என்று பொம்மையன் என் காதில் சொன்னான்.

கடைசியில் தலைவர் பேச எழுந்தார்.

"நான் இந்தப் பேரவைத் தலைவராகப் பொறுப்பேற்ற நாள் முதல் எத்தனையோ கலைஞர்களைக் கௌரவித்திருக்கிறேன். அவர்களில் ஒருவர் பாடியும் நான் கேட்டதில்லை. கேட்டால் இவர் நன்றாகப் பாடுகிறார், அவர் சுமாராகப் பாடுகிறார் என்ற எண்ணம் வந்துவிடும். தலைமைப் பொறுப்பில் இருப்பவனுக்கு அந்தப் பாரபட்சம் கூடாது. கலைக்காக நான் செய்த மிகப்பெரிய தியாகம் அது. இன்று நம்மிடையே ஒரு கலைஞர் இருக்கிறார். நாளை அவருக்கு அறுவை சிகிச்சை. குரல் போகலாம். நான் அவருக்குச் சொல்லிக்கொள்வது ஒன்றுதான். குரல் வரும், போகும். பேரவை இருக்கும்."

பலத்த கைதட்டல். அவர் மலைக்கோட்டைப் பாறைக்கு வந்தார். பாறையிலிருந்து பூட்டுக்கு வந்தார். பூட்டிலிருந்து கூட்டுறவுத் துறையில் தான் பட்ட கஷ்டங்களுக்கு வந்தார். மண்டப வாசலில் காதணி விழாக்காரர்கள் வந்து நின்றுவிட்டார்கள். சமையல்காரர்கள் இலைக்கட்டை உள்ளே கொண்டுபோனார்கள். தலைவர், கையைக் கட்டிக்கொண்டு நின்ற எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தார்.

"நேரமின்மை காரணமாக நிரலில் ஏழாவதைத் தவிர்த்து எட்டாவதற்குச் செல்கிறோம்" என்று அறிவிப்பு வந்தது. நன்றியுரை நடந்தது. அதில் மிகச் சிறப்பாகப் பாடிய குழுவினருக்கும் நன்றி சொன்னார்கள். எழுதி வைத்திருந்ததை அப்படியே வாசித்தார்கள். தேசிய கீதம் முடிந்ததும் மைக்கை அணைத்துவிட்டார்கள்.

தாய்மாமன் சீர் உள்ளே வந்தது. முன்னால் மேளம், அதற்குப் பின்னால் தட்டுத் தட்டாகப் பழம், சேலை, மாலை. கடைசியில் ஓர் அரிசி மூட்டை. இரண்டு பேர் அதைப் படியேற்ற முடியாமல் திணறினார்கள். ஒருவன் கால் இடறினான். மூட்டை சாய்ந்தது. மேடையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த அந்தோணி ஒரே எட்டில் போய் முதுகைக் கொடுத்தான். யோசித்துச் செய்தது இல்லை. சாய்கிற மூட்டையைப் பார்த்தால் எங்கள் முதுகு தானாகப் போகும்.

மூட்டை முதுகில் ஏறியதும் பாட்டும் ஏறியது. அவன் குனிந்து, படி ஏறி, மண்டபத்துக்குக் குறுக்கே நடந்து, பாடிக்கொண்டே போனான். மேளத்துக்கு நடுவே எங்களுக்குக் கேட்டது. தூணோரம் நின்ற இஞ்ஞாசியம்மாளுக்கும் கேட்டது. சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு அவள் அவனுக்கு முன்னால் ஓடிப்போய்க் குனிந்து பார்த்தாள். தலைக்கு மேலும் சரிந்திருந்த மூட்டை முகத்தை மறைத்தது. மூட்டையை இறக்கிவிட்டு அவன் நிமிர்ந்தபோது பாட்டு முடிந்திருந்தது.

அவன் குரலை நாங்கள் கேட்டது அதுதான் கடைசி.

ஆபரேசன் நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் ஓட்டை வைத்துவிட்டார்கள். மூச்சு அது வழியாகத்தான் போய்வந்தது. மேலே வெள்ளைத் துணி ஒன்று கட்டியிருந்தான். மண்டிக்கு வந்து ஒரு மூட்டையைத் தூக்கிப் பார்த்தான். முடியவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டுதான் மூட்டை தூக்க வேண்டும். அவன் மூச்சு எங்கே அடங்குகிறது, ஓட்டை வழியாகப் போய்விடுகிறது. ஆரிபா அவளுடைய பலகாரக்கடையில் உட்கார வைத்துக்கொண்டாள். எங்கள் வரிசையில் முதலாவதாக இப்போது யார் போகிறார்கள் என்பது தினமும் மாறுகிறது. அடி ஒத்துப் போவதில்லை.

கார்த்திகை மாதத்தில் பேரவையிலிருந்து தகவல் வந்தது. இந்த ஆண்டின் 'மூத்தோர் குரல்' விருது அந்தோணிராஜுக்கு. ஏற்புரை கட்டாயம்.

பொம்மையனும் நானும் மாடி ஏறினோம்.

"அவருதான் பாடவே இல்லையேம்மா?"

"நிரல்ல இருக்கு, நன்றியுரைல இருக்கு. அப்ப பாடிட்டாருன்னுதான் அர்த்தம்" என்றார் அறிவுச்செல்வி அம்மா.

"இப்ப அவருக்குக் குரல் இல்லங்கம்மா. எப்படி ஏற்புரை பேசுவாரு?"

அம்மா யோசித்தார். விதிக்கும் இரக்கத்துக்கும் நடுவில் சிக்கிக்கொண்டு கஷ்டப்படுவது முகத்தில் தெரிந்தது. "ஒண்ணு பண்ணுங்க. நீங்க எழுதிக் குடுத்துருங்க. அவரே வாசிக்கட்டும்."

போக வேண்டாம் என்றுதான் நாங்கள் சொன்னோம். இஞ்ஞாசியம்மாள் கேட்கவில்லை. "அந்த மேடைல இவரு நிக்கணும்ணே. நீங்க மூணு பேரும் பின்னாடி நின்னு பாட்ட வாசிங்க. அம்புட்டுத்தான் கேக்குறேன்." அதே சுங்குடிச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். யாரையும் கேட்காமல் முன் வரிசையில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை அறிவுச்செல்வி அம்மா எழுப்பவில்லை.

விருது வழங்க அழைத்தார்கள். தலைவர் பொன்னாடையை விரித்துக்கொண்டு முன்னால் வந்தார். அந்தோணி குனியவில்லை. நெட்டுக்குத்தலாக நின்றான்.

"குனியுங்கள்" என்றார் தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு.

அந்தோணி தலையை ஆட்டினான். மாட்டேன் என்று.

"கழுத்தோரம் போட்றாதீங்கய்யா. மூச்சு அங்கதான் போகுது" என்று கீழேயிருந்து இஞ்ஞாசியம்மாள் சத்தம் போட்டாள்.

தலைவர் தடுமாறிப்போனார். கழுத்தில் போடாமல் பொன்னாடையை வேறு எங்கே போடுவது? மேடையில் இருந்தவர்கள் கூடிப் பேசினார்கள். தோளில் மட்டும் போடலாம், ஆனால் எட்டாது என்று முடிவுக்கு வந்தார்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். இரண்டு பேர் பிடித்துக்கொள்ளத் தலைவர் அதில் ஏறினார்.

அவர் ஏறி நின்று பொன்னாடையைச் சரிசெய்வதற்குள் சகாயராஜ் கிடாரைத் தொட்டுவிட்டான். பொம்மையன் அடித்தான். நான் என் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தேன். முன்னிசை முடிந்து பாட்டு வரவேண்டிய இடம் வந்தது. குடோனில் அந்த இடத்தில் நாங்கள் சத்தத்தைக் குறைத்துக்கொள்வோம், அவன் குரல் கேட்பதற்காக. இப்போதும் குறைத்தோம். கை தானாகக் குறைத்துவிட்டது.

அந்தோணி மைக்கைப் பிடித்து இறக்கினான். மைக்செட்காரர், தவறுதலாக இறங்கிவிட்டதென்று ஓடி வந்து வாய்க்கு நேராக ஏற்றிவைத்தார். அவன் மறுபடி இறக்கினான். கழுத்துக்கு நேராக வைத்து வெள்ளைத் துணியை விலக்கினான். நிமிர்ந்து நின்று, இஞ்ஞாசியம்மாளைப் பார்த்து, பாட்டு முழுவதையும் உதட்டால் பாடினான். சொல்லுக்குச் சொல் கழுத்திலிருந்து காற்று வந்தது. அரிசியைச் சாக்கில் சரிக்கிற மாதிரி ஒரு சத்தம். தாளம் தப்பவில்லை.

ஒயரில் ஏதோ கோளாறு என்று நினைத்து மைக்செட்காரர் சத்தத்தைக் குறைத்தார்.

"குறைக்காதப்பா" என்றாள் இஞ்ஞாசியம்மாள். எழுந்து நின்றுவிட்டாள். கண்ணை அவன் முகத்தை விட்டு எடுக்கவில்லை. "ஏத்தி வையி. அது அவருதான்."

அவர் ஏற்றி வைத்தார். மண்டபம் முழுக்க அவன் மூச்சு கேட்டது. தலைவர் பொன்னாடையைப் பிடித்தபடி நாற்காலி மேலேயே நின்றார். பாட்டு நடக்கிறபோது இறங்கலாமா கூடாதா என்பதற்குப் பேரவையில் விதி இல்லை.